ரெண்டாம் காய்ப்புத் திராட்சை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். முட்டிவலி தேவலைங்களா? கடத்தூர்ல மழை உண்டா? இத்தாலியில நான் நல்லா இருக்கேன்.

இங்க பூலியாவுல ப்ரிமிதீவோன்னு ஒரு கருப்புத் திராட்சை. ஒயினுக்காக ஆகஸ்டு கடைசியிலேயே பறிச்சு முடிச்சோம். போன வாரம் முதலாளி தொனாத்தோ மத்த ஆளுங்களை நிறுத்திட்டு, என்னை மட்டும் அதே தோட்டத்துக்கு அனுப்பினார். நான் சுத்தமாப் பறிச்ச கொடியில மறுபடியும் சின்னச் சின்னக் கொத்து தொங்குது. அரைகுறை வேலைன்னு பழி போட்டு என்னையும் வேலையை விட்டு அனுப்பப் பார்க்கறார்னு தோணுச்சு.

"நான் எதையும் விட்டுட்டுப் போகலைங்க"ன்னேன்.

"இந்த ரகம் ரெண்டாவது தடவையும் காய்க்கும். பொறுமையாப் பறிக்கத்தான் உன்னை வச்சிருக்கேன்"னார். வெட்டின கட்டையிலேயே மறுபடி துளிர்க்கற நம்ம கரும்பு மறுதாம்பு மாதிரி.

எனக்கு நம்பிக்கை வரலை. அடுத்த வருசமும் வேலை உண்டுன்னு எழுதி வாங்கினேன். அவர் முகம் வாடிருச்சு. இத்தாலி பாஷையில எழுதின அந்தத் தாளையும் வேற ரெண்டு பேரைப் படிக்கச் சொல்லிப் பார்த்துட்டேன்.

இந்தக் கடுதாசியைக் கொண்டு வர்ற ஜோசப் ராஜ் என்கூட வேலை செஞ்சவன், இனி இங்க திரும்பமாட்டான். அதனால புளியும் கொள்ளும் பார்சல்ல அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை பூசைக்கு நடக்கறப்ப எனக்குப் போன் போட்டுச் சட்டைப்பையில வச்சுக்கங்க. நீங்க பேச வேண்டாம், வழியில நம்ம ஊரு ஆளுங்க பேசறதைக் காது குளிரக் கேட்டுக்கறேன்.

தோட்டத்துக்குப் போற வேன் வந்துருச்சுங்க.

உங்க மகன்,
அந்தோணி பிரகாஷ்