அரம் தொடாத மூடிகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக வழக்காடிக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், எனக்கு எப்போதும் வேண்டுவது அதுதான். பேத்திக்குப் பல் முளைக்கிறது என்றாய், கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பாள், சார்ஜர் வயரை எட்டாத இடத்தில் வை. போன முறை நீ போனில், "ரெண்டு பேரும் செட்டில்மென்ட் வாங்கிட்டுக் கிளம்பி வாங்கம்மா, அந்தக் கம்பெனி இனி தேறாது" என்று சொன்னபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன் என்று உனக்குக் கோபம். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் மாற்றினேன். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீ மூன்று சொல்கிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், இதில் நீ குறுக்கே பேச முடியாது.

எங்கள் பம்ப் ஆலை நொண்டியடிப்பது உனக்குத் தெரியும், மற்றது தெரியாது. போக விரும்புகிறவர்கள் மாதக் கடைசிக்குள் சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போகலாம், பாதிப் பேருக்கு மேல் போய்விட்டால் கேட்டை இழுத்துப் பூட்டிவிடுவேன் என்று முதலாளி அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து கேன்டீனில் யாருக்கும் சாப்பாடு ஒழுங்காக இறங்கவில்லை, வாய் மட்டும் ஓயவில்லை. லேத்தில் நிற்கிற மூட்டைகட்டியை உனக்கு நினைவிருக்கும், எதற்கெடுத்தாலும் மூட்டையைக் கட்டு என்பாரே, அவருக்கு இப்போதுதான் மவுசு. "வெளியில பாதி விலைக்குப் பம்ப் கிடைக்குது, நம்மளத யாரு வாங்குவா? குடுக்கிறத வாங்கிட்டு மரியாதையாப் போயிடலாம்" என்று மேசை மேசையாகப் போய்ச் சொல்கிறார். உன் சித்தப்பா வார்ப்படப் பிரிவுக்காரர் அல்லவா, "மெஷின்தான் பழசு, நம்ம இரும்பு பழசாகலை, ஒரு நல்ல ஆர்டர் வந்தா நிமிர்ந்துடுவோம்" என்று அவரோடு மல்லுக்கு நிற்கிறார். அப்பா இரண்டு பக்கமும் சேராமல் தட்டைப் பார்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பம்ப்பின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் அப்பாவின் பிரிவு மொத்தமும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, அவர் எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கம்தான் அவர்களும்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. நான் பேக்கிங்கில் இருப்பதால், வேண்டாம் என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவதும் என் மேசைக்குத்தான் வரும். வருவதில் பாதிக்கு மேல், பம்ப்பின் மூடி உடைந்தால் மாற்றுவதற்கென்று தனியாக விற்கும் மூடிகள். ஒரு கடைக்காரர் நேரிலேயே வந்து பெட்டியை இறக்கிவைத்து, "உங்க பம்ப் தங்கம்தாம்மா. ஆனா மூடி உடைஞ்சா வேற மூடி உட்காரவே மாட்டேங்குது, புதுப் பம்ப்தான் வாங்கணும்னு ஜனங்க திட்டுறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்படி உட்காரும்? வார்ப்படத்தில் அச்சு தேய்ந்துபோய் மூடி கொஞ்சம் கோணலாகத்தான் வருகிறது. உன் அப்பாவும் அவருடைய ஆட்களும் அதைப் பார்த்தவுடன் ஒரு வார்த்தை பேசாமல் அரத்தை எடுத்து, கையில் இருக்கிற பம்ப்புக்குப் பொருந்துகிற வரை ராவிவிடுகிறார்கள். அந்த மூடி அந்த ஒரு பம்ப்புக்கு மட்டும்தான், ஊரில் வேறு எதற்கும் சேராது, தனியாக விற்கப் போகிற மூடியோ ராவாத கோணலோடு அப்படியே போகிறது. கோணலைத் திருப்பி அனுப்பினால் தங்கள் கைத்திறனுக்கே இழுக்கு என்று ஒரு வீம்பு. அதைத்தான் நான் கேன்டீனில் எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, நம் வியாபாரத்தில் பாதியை வெளியாள் கெடுத்தான் என்றால் மீதியை நம் அரம் கெடுத்தது என்று சொல்லிவிட்டேன்.

பிறகு வீட்டில் நடந்ததைக் கேட்காதே. அப்பா என்னோடு பேசவில்லை. குழம்பில் உப்பு குறைந்தால் சுவரைப் பார்த்து, "இந்த வீட்ல உப்புக்குப் பஞ்சமா?" என்று கேட்பார், நானும் சுவரிடமே, "டப்பா அங்கதான் இருக்கு, கை இருந்தா எடுத்துக்கலாம்" என்பேன். சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் கலக்கம்தான். அத்தனை பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கும் வலித்தது, ஆனால் சொன்னது தப்பு என்று மட்டும் தோன்றவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பா யாரிடமும் எதுவும் சொல்லாமல், தான் பூட்டி முடித்த பம்ப்புகளையே சோதனை மேடையில் வரிசையாக வைத்து, இதன் மூடியை அதற்கும் அதன் மூடியை இதற்கும் மாற்றிப் பூட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். எல்லாப் பக்கமும் பீய்ச்சி அடித்தது. சட்டை, மீசை, மூக்குக்கண்ணாடி எல்லாம் சொட்டச் சொட்ட நின்றார். மூட்டைகட்டி விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் ஆட்களிடம், "இனிமே யாரும் அரத்தைத் தொடக் கூடாது. உட்காராத மூடி எல்லாம் வார்ப்படத்துக்கே திரும்பிப் போகட்டும்" என்றார்.

வார்ப்படப் பிரிவு வாசலில் மூடிகள் மலையாகக் குவிந்தன, ஒரு பம்ப் கூட வெளியே போகவில்லை. சித்தப்பா கொதித்துப்போய், "இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொன்னீங்களா? சொல்லியிருந்தா அச்சை அப்பவே மாத்தியிருப்பேனே" என்று அண்ணனிடமே எகிறினார். நியாயம்தானே, இவர்கள் மூடிமூடி வைத்தால் அவருக்கு எப்படித் தெரியும்? அப்பா, "சரிடா, இப்போ சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். மேலாளர் வேலைநிறுத்தமோ என்று பயந்து ஓடிவந்தார். அவரையும் மேடை முன்னால் நிறுத்தி ஒரு குளியல் போட வைத்த பிறகுதான் புது அச்சு வெட்டச் சம்மதித்தார்.

புது அச்சில் வந்த மூடிகளை நேற்று முன்தினம் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை சொட்டவில்லை, சில இன்னும் கசிகின்றன, அவை திரும்பிப் போயின. "மூடி பொருந்திட்டா ஆர்டர் வந்துடுமா?" என்று மூட்டைகட்டி கேட்டார். அவர் போகிறேன் என்று சொல்லிவிட்டார், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, உடம்புக்கு முடியாத மனைவியை வைத்துக்கொண்டு அவர் எதை நம்பிக் காத்திருப்பார்? நானும் அப்பாவும் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டோம். அப்பாவைப் பார்த்து அவர் பிரிவு முழுக்க நின்றது, அதனால் போகிறவர்கள் பாதியைத் தொடவில்லை, கேட் திறந்திருக்கிறது. அடுத்த வருடமும் திறந்திருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் என்ன கெட்டது என்று தெரிந்த பிறகு அதைச் சரிசெய்து பார்க்காமல் எழுந்து வர எனக்கு மனசில்லை, அங்கே வந்து உட்கார்ந்தாலும் இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பேன். உன் பிரியம் எனக்குப் புரியாமலில்லை கண்ணே, பேத்தியைத் தூக்க என் கையும்தான் துடிக்கிறது. இந்தக் கடிதம் எழுதப் போகிறேன் என்றதும் அப்பா இந்த முறை சுவரை விட்டுவிட்டு என்னையே பார்த்து, "வரமாட்டோம்னு எழுதிடாத, அவ அழுவா. வேலை இருக்கு, முடிச்சிட்டு வர்றோம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ எங்கள் ஆசி என்றும் உண்டு. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. முக்கியமாக ஒன்று, இனி போன் செய்யும்போது அப்பாவிடம் எப்போது வருகிறீர்கள் என்று கேட்காதே, இன்றைக்கு எத்தனை மூடி திரும்பிப் போனது என்று கேள்.

இப்படிக்கு,
நாளைக் காலை ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டிய
உன் அம்மா