கட்டின வேஷ்டியோடு குளித்தது

ஸ்ரீபெரும்புதூர்
14.9.2011

சௌபாக்கியவதி கோதாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் சௌக்கியமாக இருக்கப் பெருமாளைச் சேவித்துக்கொள்கிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கு மனசுதான் கிடந்து பதறுகிறது.

நம் மாடி அறையில் வாடகைக்கு இருந்தார்களே இரண்டு திருநெல்வேலிப் பிள்ளைகள், காசிராஜனும் ஏசுவடியானும், கார் கம்பெனிக்கு ஷிப்டு போவார்களே. அதில் காசிராஜன் ஆடியில் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்து மண்ணூருக்குப் போய்விட்டான். அங்கே நம் துளசித் தோட்டத்துக்கு அடுத்த மாந்தோப்பைச் சடைமுடி வளர்த்த வெள்ளைக்காரர்களும் பெங்களூர்ப் பிள்ளைகளும் குத்தகைக்கு எடுத்து, ஆணும் பெண்ணுமாக மண்குடிசையில் இருந்து, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள், அவர்களோடு சேர்ந்துவிட்டான். ஊரில் கஞ்சா அது இது என்று ஒரே பேச்சு. அப்பாவுக்கோ, கோவிலுக்குப் போகிற துளசிக்கு இறைக்கும் கிணற்றில் அவர்கள் இறங்கிக் குளிக்கிறார்களே என்று ஆத்திரம். மனு மேல் மனுவாகக் கொடுத்துப் பார்த்தார். போன மாசம் காசிராஜனைத் தெருவிலேயே நிறுத்தி, இன்னொரு தரம் கிணத்துல இறங்கினியோ தொலைச்சுடுவேன் என்று கத்தினார். அவர் வாயிலிருந்து அப்படி நான் கேட்டதே இல்லையடி.

போன வியாழக்கிழமை காலை துளசி பறிக்கப் போனவர் ஆறரைக்கெல்லாம் வெறும் பூக்குடலையோடு திரும்பி, கொல்லையிலேயே நின்றுகொண்டு, உள்ள வரலை ஹேமா, தீட்டு, ஜலம் எடுத்து வை என்றார். கட்டின வேஷ்டியோடு தலைக்கு விட்டுக்கொண்டார். நானும் கைப்பழக்கத்தில் அந்த வேஷ்டியை வாங்கி, ஓரத்தில் இருந்த கறையைச் செம்மண் என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்து, நீலம் போட்டு உலர்த்திவிட்டேன். யார் போனது என்று அப்புறம்தான் கேட்டேன். எவனோ மாந்தோப்புல கெடக்கான், தூரத்துலேர்ந்து பார்த்தேன், நமக்கெதுக்கு என்றார். எவனோ குடித்துவிட்டுச் செத்திருக்கிறான் என்று நானும் அசடு மாதிரி இருந்துவிட்டேன். பத்து மணிக்குப் பால் ஊற்றும் சின்னப்பொண்ணு ஓடிவந்து, இன்னா மாமி குந்திகினு கீறீங்க, உங்க வூட்டு மாடில இருந்த காசிய மண்டைல அடிச்சுக் கொன்னுட்டாங்களாம், போலீசு வந்துகீது என்றாள்.

ஏசுவடியானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வேலைக்கு வந்துரு என்று அவன் காசியோடு மல்லுக்கு நின்றதை நாலு பேர் பார்த்தார்களாம். ஜீப்பில் ஏற்றும்போது, மாமி, அவன் எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரில்லா, நீங்களாவது சொல்லுங்க மாமி என்று கதறினான் பாவி. தோப்புக் குடிசைகளை ஊர்க்காரர்கள் கொளுத்திவிட்டார்கள், வெள்ளைக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அப்பாவை மட்டும் இன்ஸ்பெக்டர் ஐயா ஐயா என்று நாற்காலி போட்டு விசாரித்தார். அன்னிக்கு நான் தோட்டத்துக்கே போகலை என்று அப்பா சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

கோதா, பிணத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவர் வந்து குளித்தால் போதும். தொட்டவர்தான் கட்டின துணியோடு குளிக்க வேண்டும். ஆசாரத்தில் இம்மி பிசகாத மனுஷர் உன் அப்பா. அப்படியானால் அந்தப் பையனைத் தொட்டிருக்கிறார். உயிர் இருக்கிறதா என்று தொட்டாரோ, வேறெதற்குத் தொட்டாரோ, எனக்குத் தெரியாது. நேற்றுச் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாதத்தைக் குழித்துக்கொண்டு, சாத்தமுது விடு என்றார். முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவரிடம் பயமாக இருக்கிறது என்று பெற்ற பெண்ணுக்கே எழுத வேண்டியதாகிவிட்டதே!

வெள்ளிக்கிழமை என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேஷ்டியைப் பற்றிச் சொல்லிவிடுவது என்றுதான் இருக்கிறேன். ஆனால் அப்பாவும் கூட வருவார். அவர் பக்கத்தில் நின்றால் எனக்கு நாக்கு எழாது. ஏசுவடியானின் அம்மா ஊரிலிருந்து வந்து ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம்.

வெந்நீரே குடி, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே. அம்மா சொல்லாமல் வந்துவிட்டாள் என்று தெரிந்தால், அப்பாவாயிற்றே என்று பார்க்காமல் இதை அப்படியே இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிவிடு. சாட்சியாகச் செல்லட்டும் என்று முழுப் பெயராகவே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு உன் அம்மா,
ஹேமாம்புஜம்
க/பெ. ஸ்ரீநிவாசராகவன்