பக்மா காய்க்கவில்லை

தவாவ்,
3 மார்ச் 1994

அன்புள்ள ரொசித்தா,

நலம்தானே? பலகை ஆலையில் விடுப்புக் கேட்டாலே முறைக்கிறார்கள். நம் சரிவில் இரண்டு பக்மா மொட்டு, அண்டா அகலப் பூவாக விரியப்போகிறதாம், அம்மா சொல்லியனுப்பினாள். சாலையில் அறிவிப்பு வை, வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அந்தப் பூவின் பிண நாற்றத்தைக்கூடப் பொறுப்பார்கள், ஈ மொய்த்தால் ஓடிவிடுவார்கள். மருந்து அடித்துவிடு.

ஆஸ்பத்திரிக்கும் போய்வா. ஆறு வருடமாகப் பிள்ளையில்லை, குறை என்னவென்று தெரியவேண்டாமா?

உன்,
லோஜிமின்

ரானாவ்,
20 மார்ச் 1994

அன்புள்ள உங்களுக்கு,

மருந்து அடித்தேன். கூட்டம் வந்தது, அத்தை வாயெல்லாம் பல்லாகக் காசு வாங்கினார். கீழ்ப்பூவின் குழிக்குள் ஈக்கள் செத்துக் கிடந்தன, முதுகில் மஞ்சள் பசையோடு. வனத்துறைப் பெண் பார்த்துவிட்டுக் கத்தினாள்: “என்னக்கா பண்ணி வச்சிருக்க? கீழ இருக்கறது ஆம்பளப் பூ, மேல இருக்கறது பொம்பளப் பூ. ஈ சுமந்துட்டுப் போனாத்தான் காய். ரெண்டும் ஒண்ணா விரியறதே அதிசயம்!”

டாக்டர் என்னிடம் ஒரு குறையும் இல்லை என்கிறார். “வீட்டுக்காரர வரச் சொல்லும்மா” என்றார். வருவீர்களா?

அன்புடன்,
ரொசித்தா

தவாவ்,
11 நவம்பர் 1994

ரொசித்தா,

பக்மா காய்க்கவில்லையாம். நீ கைவைத்த எதுதான் காய்த்தது? ஆஸ்பத்திரிக்கு நான் எதற்கு, நான் ஆம்பளை. அம்மா வேறு பெண் பார்த்துவிட்டாள். ஊர்க்கோர்ட்டில் விலக்குக் கேட்டிருக்கிறேன், குறை உன்னுடையது என்று சொல்லிவிடு. குடும்பம் பிரிந்த சூடு தணிய, குறையுள்ளவர் பக்கம் ஊருக்குத் தரும் தண்ட எருமையை உன் அண்ணன் கொடுக்கட்டும். சண்டை வேண்டாம்.

லோஜிமின்

ரானாவ்,
4 டிசம்பர் 1994

லோஜிமின் அவர்களுக்கு,

நேற்று ஊர்க்கோர்ட் கூடியது. “கொற யார்கிட்டம்மா?” என்று தலைவர் கேட்டார்.

“ஈயக் கொல்லச் சொன்னவரு காய் எங்கன்னு கேக்குறாரு. வருசத்துல ரெண்டு நாள் வந்து போறவரு புள்ள எங்கன்னு கேக்குறாரு. ஆஸ்பத்திரி வாசல மட்டும் மிதிக்க மாட்டாராம்” என்றேன்.

“வாய மூடுடி!” என்றார் உங்கள் அம்மா. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

தலைவர் சிரிக்கவில்லை. “சோதிச்சுக்காதவன் அடுத்தவள மலடின்னு சொல்லக்கூடாது. எருமை அவன் கொட்டில்லேர்ந்து வரட்டும்” என்றார்.

இன்று காலை அறுத்து ஊருக்குப் பங்கு வைத்தார்கள். நீங்கள் பெயர் வைத்து வளர்த்த கறுப்பு எருமைதான். என் பங்குக் கறியை வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் வாசலில் ரத்தம் கிடந்தது, ஈ மொய்த்தது. நான் விரட்டவில்லை.

ரொசித்தா