நீ கேட்ட பாட்டு

அக்கா,

பாட்டு தொடங்குவதற்கு முன் நீ தொண்டையைச் செருமுகிறாய். இன்றைக்கு அதுதான் முதலில் என் காதில் விழுந்தது. உன் மழைக்கோட்டைத் தோய்க்க எடுத்தபோது பைக்குள் நீ பாடிப் பதிந்த கசெட் கிடந்தது.

முந்நூறு வருடப் பழைய இங்கிலிஷ் பாட்டு என்று சொல்லியிருந்தாய். ஒரே வரியை மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராகத் தொடங்கித் துரத்திப் பிடிப்பதுபோல் பாட வேண்டும். வசந்தம் வந்தாயிற்று, கவலையை வெளியே விட்டுக் கதவைச் சாத்து, அவ்வளவுதான் பாட்டு. இந்த நாட்டுக்கு வந்தபின் எப்சம் பள்ளிக்கூடத்தில் அதைப் பழகினாய். நீ நோயில் விழுந்ததும் உன்னைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா புக்கெகோஹித் தோட்டங்களுக்கு வெங்காயம் பொதி செய்யப் போனார். பகல் முழுக்கக் குசினியில் நாம் இரண்டு பேர். நீ தொடங்குவாய், நான் பின்னால் வருவேன்.

“மூண்டாவது ஆள் எங்கை?”

“பொறடி, அடுப்பிலை கேத்தில் கூவும்.”

ஒருநாள் சிரித்துக் களைத்தபின் சொன்னாய்: “என்ரை செத்தவீட்டிலை இதைத்தான் பாடோணும். ஒப்பாரி வேண்டாம்.”

“விசர்க்கதை கதையாதை.”

“ஓம் எண்டு சொல்லடி.”

ஓம் என்றேன்.

நீ போன மறுநாள் உன் பாட்டு டீச்சர் வந்தார். தகனத்துக்கு முன் அதைப் பாடலாமா என்று இங்கிலிஷில் கேட்டார். அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறாய். வீடு நிறையச் சனம். நான் தமிழில் சொல்வேன் என்று எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“என்னவாம் பிள்ளை?” என்றார் அம்மா.

அழுதுகொண்டிருந்த அம்மாவிடம், சிரிப்புப் பாட்டுப் பாடக் கேட்கிறார்கள் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

“துக்கம் விசாரிக்க வந்தவ.”

டீச்சரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தகனத்தன்று உன்னோடு பாடும் தோழிகள் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் நின்றார்கள்.

அந்த நாள் இனி வராது, அக்கா. பாட்டில் நான் நுழைய வேண்டிய இடம் மட்டும் இன்னும் தெரிகிறது. உன் முதல் வரி முடிந்ததும் வாய் திறக்கிறது, சத்தம் வருவதில்லை.

இன்றைக்கும் அப்படி நின்றபோதுதான் அம்மா வேலையால் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்றுவிட்டார்.

“ஆரடி பாடுறது? அக்கான்ரை குரல் மாதிரிக் கிடக்கு.”

“ரேடியோ, அம்மா.”

பொத்தானை அமுக்கிப் பாட்டை நிறுத்தினேன்.