ஓ.டி.பி. கேட்ட பெண்

ஆய்க்குடி,
14.10.2024

அன்பு மகள் ஆனந்தவள்ளிக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். பதான்கோட்டில் குளிர் தொடங்கிவிட்டதா? மாப்பிள்ளை வேல்ராஜுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா போனில் கேட்டால் போதாதா, அப்பா எதற்குத் தபால்தலை ஒட்டிக் கேட்கிறார் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. இப்போதெல்லாம் குரலையே நகல் எடுத்து, பெற்ற மகள் மாதிரி பேசி ஆளை ஏமாற்றுகிறார்களாம். அதனால் நான் போனில் பேசுவதைக் குறைத்துவிட்டேன். முப்பத்து நான்கு வருஷம் காவல் துறையில் இருந்தவன், அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர். எனக்குத் தாளில் இருந்தால்தான் சாட்சி.

விவகாரத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்றபோது வந்த தொகையை வங்கியில் டெபாசிட் போட்டது உனக்குத் தெரியும். அதன் வட்டியில் வருமான வரி பிடித்துவிட்டார்கள். பிடிக்காமல் இருக்க ஒரு படிவம் கொடுக்க வேண்டுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. பிடித்ததைத் திரும்பக் கேட்டு ஜூலை மாதமே தாக்கல் செய்தேன். உன்னோடு பள்ளிக்கூடம் முழுக்கப் படித்த அஃப்ஷான்தான் செய்து கொடுத்தாள். தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் அவள் கம்ப்யூட்டர் சென்டர் இப்போது நன்றாக ஓடுகிறது. பென்ஷன்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் போகிறார்கள். நாலைந்து வாரத்தில் வந்துடும் மாமா என்றாள். அது வந்ததும் நானும் அம்மாவும் பதான்கோட்டுக்கு டிக்கெட் போடுவதாக இருந்தோம்.

மூன்று மாதம் ஆகிறது. மூச்சு இல்லை. ஆன்லைனில் குறைதீர் மனு ஒன்றும் போடச் சொன்னேன், போட்டாள். அதற்கும் பதில் இல்லை. எவனோ ஒருவன் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருக்கிறான். கிடப்பில் போடுவது எப்படி என்று எனக்கா தெரியாது?

இதற்குள் திருடர்களுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ‘உங்கள் தொகை திரும்பி வந்துவிட்டது, வங்கிக் கணக்கை உறுதி செய்யவும்’ என்று மெசேஜ் மேல் மெசேஜ். ஒவ்வொன்றையும் பிளாக் செய்தேன். போன வாரம் ஒரு பெண் போனே செய்துவிட்டாள். கன்னடம் கலந்த தமிழ். பெங்களூரு வருமான வரி அலுவலகத்திலிருந்து பேசுகிறாளாம், என் மனு விஷயமாம். பெயர் என்ன, பதவி என்ன, தகப்பனார் பெயர் என்ன, மேலதிகாரி யார் என்று இருபது நிமிஷம் நிறுத்திக் கேட்டேன். பாவம், வழக்கமாக ஏமாறுகிற ஆள் என்று நினைத்திருப்பாள். கடைசியில் வைத்துவிட்டாள். குற்றாலத்தில் நடந்த ஓய்வுபெற்ற காவலர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். கைதட்டினார்கள்.

ஆனால் ஒரு கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. நான் மனு போட்டது அந்தத் திருடிக்கு எப்படித் தெரிந்தது? தகவல் எங்கிருந்தோ கசிகிறது. என் காகிதங்கள் எல்லாம் இருப்பது ஒரே ஓர் இடத்தில்தான். இப்போதைக்கு இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சு. கைலாசம்,
சிறப்பு சார்பு ஆய்வாளர் (ஓய்வு)


ஆய்க்குடி,
25.11.2024

அன்பு மகளுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் மெயினருவி பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டுகிறது, குளிக்கத் தடை. ஐயப்ப சாமிமார்கள் வேன் வேனாக வந்து தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அம்மாவுக்குச் சளி இருந்தது, குறைந்துவிட்டது.

நீ வருத்தப்படுவாய் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது. சென்ற திங்கள்கிழமை அஃப்ஷான் எனக்குப் போன் செய்தாள். மாமா, உங்க போனுக்கு இப்ப ஒரு ஓ.டி.பி. வரும், அதைக் கொஞ்சம் சொல்லுங்க என்றாள். ஓ.டி.பி. கேட்கிறவன் திருடன் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வகுப்பு எடுத்தவன் நான். என்னிடமே கேட்கிறாள்! எதற்கு என்றேன். வங்கிக் கணக்கை உறுதி செய்யணும், ரீஃபண்டு வந்து திரும்பிப் போயிருக்கு என்றாள். திருடர்கள் அனுப்பிய மெசேஜில் இருந்த அதே வாக்கியம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அன்று மாலையே போனேன். சென்டரில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். என்ன சொன்னேன் என்பதை வரிக்கு வரி எழுத வேண்டாம். என் காகிதங்களை எடுத்துக் கொடு, இல்லையென்றால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும் என்று சொன்னேன். அவள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. பிளாஸ்டிக் உறையோடு எடுத்து மேஜையில் வைத்தாள். குற்றம் இல்லாதவள் என்றால் சத்தம் போட்டிருக்க வேண்டாமா?

அடுத்த சங்கக் கூட்டத்தில் எச்சரிக்கை செய்தேன். பதினோரு பேர் தங்கள் காகிதங்களைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். இசக்கிப்பாண்டி எனக்குச் சால்வை போடுவதாகச் சொன்னான், நான்தான் வேண்டாம் என்றேன்.

உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்றாம் நாள் வாயைத் திறந்து, நம்ம வீட்ல தோசை தின்னு வளந்த பிள்ளையப்போய் இப்படிப் பேசிட்டு வந்திருக்கிய, எல்லாரையும் திருடனாவே பாக்குதிய என்றாள். விசாரணையில் தோசையைப் பார்க்க முடியுமா? பாசம் வேறு, தடயம் வேறு.

வரி அலுவலகம் இன்னும் வாய் திறக்கவில்லை. அங்கேயும் இவளுக்கு ஆள் இருக்குமோ என்று யோசிக்கிறேன். நீ அவளோடு பேசினால் இந்த விவரம் எதையும் சொல்லிவிடாதே. மாப்பிள்ளையிடம் ஓ.டி.பி. விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்.

பதில் போடு.

இப்படிக்கு,
சு. கைலாசம்,
சிறப்பு சார்பு ஆய்வாளர் (ஓய்வு)


ஆய்க்குடி,
10.2.2025

அன்பு மகள் ஆனந்தவள்ளிக்கு,

இரண்டு கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. பொங்கல் அன்று அம்மாவிடம் நீ பேசிக்கொண்டிருந்தபோது நானாகத்தான் போனை வாங்கினேன். ஒரே ஒரு வாக்கியம் சொன்னாய். அவ வயித்துல அடிச்சிட்டியளேப்பா என்று சொல்லி வைத்துவிட்டாய். அது நகல் குரல் இல்லை. என் மகள்தான் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அதன் பிறகும் எனக்குக் கோபம்தான் வந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. மகளே நம்பவில்லை என்றால் சட்டப்படி நிரூபிப்பது என்று முடிவு செய்து, அஃப்ஷான் மேல் நாலு பக்கப் புகார் எழுதிக்கொண்டு சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே ஜெனி என்று ஒரு எஸ்.ஐ. சின்ன வயசு. எழுந்து நின்று சல்யூட் அடித்து, நாற்காலி போட்டு, நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தாள். பிறகு உங்க போனைக் கொஞ்சம் தாங்க சார் என்றாள். நான் பிளாக் செய்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பக்கத்தில் கம்ப்யூட்டரில், கடவுச்சொல்லை என்னையே அடிக்க வைத்து, என் வருமான வரிக் கணக்கையும் திறந்தாள்.

எல்லாம் நிஜம். செப்டம்பர் மாதமே பணம் அனுப்பியிருக்கிறார்கள். வங்கிக் கணக்கு உறுதி செய்யப்படாததால் திரும்பிப் போயிருக்கிறது. அதைச் சொல்லிப் பதினேழு மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். பெங்களூருப் பெண்ணும் நிஜம். என் மனுவை முடித்துவைத்து அவள் எழுதிய குறிப்பும் அதில் இருந்தது. மனுதாரரைத் தொலைபேசியில் தொடர்புகொண்டோம், விவரம் தர மறுத்துவிட்டார் என்று இரண்டே வரி. நான் ரைட்டராக இருந்து எழுதியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அஃப்ஷான் போன் செய்த அன்று வந்த ஓ.டி.பி.யும் வருமான வரி இணையதளத்திலிருந்து வந்ததுதான். என் வேலையை நான் கேட்காமலே அவள் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஜெனி என்னைக் குறை சொல்லவில்லை. போன்ல ஓ.டி.பி. சொல்லாம இருந்தது சரிதான் சார், ஆனா மறுநாள் நேர்ல போயி அந்தப் பிள்ளைகிட்ட என்ன ஏதுன்னு கேட்டிருக்கலாம்லா என்றாள். நான் நேரில் போகத்தான் செய்தேன். கேட்கத்தான் இல்லை. நாலு பக்கப் புகாரை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

மறுநாள் சென்டருக்குப் போனேன். கூட்டம் இல்லை. வேலைக்கு நின்ற பெண்ணை நிறுத்திவிட்டாளாம். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் உட்காருங்க சார் என்றாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்ட பிள்ளை. ஆறு நிமிஷத்தில் வேலையை முடித்தாள். ஓ.டி.பி. வந்ததும் கீபோர்டை என் பக்கம் திருப்பி வைத்து, நீங்களே அடிங்க சார், நான் பாக்கலை என்று சொல்லிவிட்டு முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். அவள் திரும்பவே இல்லை. கடைசியில் ஐம்பது ரூபாய்க்கு ரசீது போட்டுக் கொடுத்தாள். என்னிடம் அதுவரை அவள் காசு வாங்கியதில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சென்ற சனிக்கிழமை குற்றாலத்தில் சங்கக் கூட்டம். மைக்கை வாங்கி, நான் சொன்னது பொய், அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று சொன்னேன். தாளில் எழுதிக்கொண்டு போனதைக் கடைசி வரி வரை வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை. பதினோரு பேரில் நாலு பேர் திரும்பப் போவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்களாம். ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்கலாம் என்று இருக்கிறேன். இசக்கிப்பாண்டி கூட வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

வரிப் பணம் வியாழக்கிழமை வங்கிக்கு வந்துவிட்டது. அம்மா டிக்கெட் போடலையா என்று கேட்டாள். அவ கூப்பிடட்டும் என்று சொல்லிவிட்டேன். நீ கூப்பிடாமல் உன் வீட்டு வாசலில் வந்து நிற்க எனக்கு முகம் இல்லையம்மா.

நீ முதலில் அஃப்ஷானிடம் பேசு. எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், அதற்காகப் பேசு. என்னிடம் எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது பேசினால் போதும். நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

என் போனில் பிளாக் செய்திருந்ததை எல்லாம் ஜெனியிடம் சொல்லி எடுத்துவிட்டேன். தெரியாத எண்ணாக இருந்தாலும் இப்போது முதல் மணியிலேயே எடுக்கிறேன்.

அப்பா