கம்ப்யூட்டர் வாயடைத்துக் கிடந்த கதை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே மேற்கிலிருந்து கச்சான் காற்று. முற்றமெல்லாம் மண்.

கம்ப்யூட்டரில் நேற்றிலிருந்து சத்தம் இல்லை. படம் ஓடுகிறது, வாய் அசைகிறது, ஒரு சொல் கேட்காது. கட்டில் விரிப்பில் சுற்றி, மோட்டார் சைக்கிளின் டேங்கில் பிள்ளையைப் போல இருத்தி, சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் என்னைவிட இளையவர், விரிப்பை அவிழ்த்துப் பார்த்தார்.

"காக்கா, இது வெறும் திரை. மூளைய ஊட்டுல வெச்சிட்டு வந்திரிக்கீங்க."

கடையில் நின்ற அத்தனை பேருக்கும் சிரிப்பு. எனக்கும்தான், பாதி வழி வந்த பிறகு.

பகல் மறுபடியும் போனேன், மூளைப் பெட்டியோடு. அவருடைய ஸ்பீக்கரில் பூட்டினார். கடை அதிர்ந்தது. "ஒரு பிழையுமில்ல காக்கா." வீட்டில் பூட்டினால் பழையபடி ஊமை! அவருக்குப் போன் எடுத்து ஏசினால் ஹெட்போன் வாங்கட்டாம். நோய் தெரியாமல் மருந்து விற்கிறார்.

ஸ்பீக்கரில் பிழையோ என்று மகள் கேட்டாள். என் ஸ்பீக்கரில்! நான் பார்த்து வாங்கியது. பச்சை லைட் எரிகிறதே, அது என்ன அலங்காரத்துக்கா?

வியாழன் காலை அவளுக்கு கொழும்புக் கம்பனி ஒன்றின் நேர்முகம், கம்ப்யூட்டரில்தான். வேலை கிடைத்தால் கொழும்பில் தங்க வேண்டும். போகலாமா என்று போன வாரம் என்னிடம் கேட்டாள். "பாப்பம்" என்றேன். அதோடு நிற்கிறது.

ஜூலை 9, புதன்

காற்று குறையவில்லை. என் கோபமும்.

செய்து பார்த்தவை:
- வயரைக் கழற்றிப் பூட்டினேன்.
- கம்ப்யூட்டரை நிற்பாட்டி மறுபடி போட்டேன்.
- யூடியூபில் ஓர் ஆள் சொன்னதையெல்லாம் மகள் செய்தாள். அந்த ஆளும் ஊமை. போனில்தான் கேட்டோம்.
- தட்டினேன். (மகள் இல்லாத நேரம்.)

பகல் சோற்றைப் போட்டுக்கொண்டே மனைவி: "புள்ளய கொழும்புக்கு அனுப்ப உங்களுக்கு மனமில்ல. நீங்கதான் என்னமோ செஞ்சி வெச்சிரிக்கீங்க, என்ன?"

நானா! இரண்டு தரம் பெட்டி சுமந்தவன்! கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டேன். பாரை மீன் ஆணம், அதுவும் பாதியில். இப்படியும் ஒரு பழியா?

மஃரிபு நேரம், பொழுது விழுந்துவிட்டது. கம்ப்யூட்டரின் முன்னால் இருந்து ஏசிக்கொண்டிருந்தேன். அந்த யூடியூப் ஆள் வாயை மட்டும் அசைக்கிறான். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். என் கை தன்பாட்டில் ஸ்பீக்கரின் பின்பக்கம் போனது. பாங்கு கேட்டால் சத்தத்தைக் குறைப்பது கையின் வேலை, தலைக்கு அதில் பங்கில்லை. திருகினேன். திரும்பவில்லை. சத்தக் குமிழ் ஏற்கனவே கடைசிவரை குறைந்து கிடக்கிறது.

ஞாயிறு பின்னேரம். கம்ப்யூட்டரில் கிரிக்கெட். பாங்கு. குறைத்தேன். அப்படியே தொழப் போனேன்.

யா அல்லாஹ்.

பாங்கு முடிந்ததும் கூட்டினேன். யூடியூப் ஆள் வீடு முழுக்கக் கத்தினான். இருவரும் ஓடி வந்தார்கள். உள்ளதைச் சொன்னேன்.

"பாங்குக்குக் கொறச்சா மறுகா கூட்டணும் வாப்பா." மகளுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு.

"நான்தான் சொன்னேனே, நீங்கதான் எண்டு" என்றாள் மனைவி. "அந்தக் கடைக்காரருக்குப் போன் எடுத்து மாப்புக் கேளுங்க."

கேட்கவில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால் அவர் சிரித்தது சிரித்ததுதானே.

ஜூலை 10, வியாழன்

காற்று ஓய்ந்துவிட்டது. மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் மனைவியும் குசினியில், அடுப்புப் பக்கத்தில், மூச்சுக் காட்டாமல். ஸ்பீக்கர் சத்தம் குசினிவரை தெளிவு. நல்ல ஸ்பீக்கர் என்று சொன்னேன்தானே!

கணக்கு வேலையைப் பற்றிக் கேட்டார்கள். தடுமாறாமல் சொன்னாள். கடைசியில் ஒரு பெண்ணின் குரல்: "கொழும்பில தங்கி வேலை செய்ய வீட்டில சம்மதமா?"

"ஓம் மிஸ். எங்கட வாப்பாதான் ரெண்டு நாளா அலைஞ்சி இந்தக் கம்ப்யூட்டரச் சரியாக்கித் தந்தாரு. அவருக்கு முழுச் சம்மதம்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பிளேன்டீக் கோப்பைக்குள் பார்த்தேன்.

கதவு திறந்தது. முகமெல்லாம் வியர்வை அவளுக்கு.

"கேட்டிச்சா வாப்பா?"

"ஓம். நல்லாக் கேட்டிச்சு."

நான் சொன்னது "பாப்பம்" மட்டும்தான் என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை.