மாட்டுக்கு ஐயாயிரம் அபராதம்

சென்னை, 12.7.1979

அன்புள்ள அத்தானுக்கு, கோமதி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் நின்றதா?

எதிர்வீட்டுப் பூரணம், "அத்தான், அக்கா வார வரைக்கும் நான் பொங்கித் தாரேன்" என்று சொல்லி, மாப்பிள்ளை விருந்துக்கு வைக்கிற சொதியே கொண்டுவந்தாளாமே. சங்கரன்கோவிலில் ஓட்டலுக்கா பஞ்சம்?

உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு ஆபீஸில் ஒரு மசோதா டைப் அடித்தேன். தெருவில் மாட்டை அவிழ்த்துவிட்டால் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து உச்ச அபராதம் ஐந்து ரூபாய். விலைவாசி ஏறியதால் அதை ஐம்பதாக்குகிறார்கள். நான் ஐயாயிரம் என்று அடித்துவிட்டேன்.

"ஏம்மா, மாடு என்ன கொலையா பண்ணிச்சு? குத்தத்துக்குத் தகுந்த மாதிரிதான் உச்சவரம்பு. அதையும் சட்டசபை ஒத்துக்கணும்" என்று அதிகாரி சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

இந்தக் கடிதம் கண்டதுமே பூரணத்திடம், பொங்கித் தந்தது போதும் என்று சொல்லிவிடுங்கள். தலையணை உறை தைக்க உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உங்கள் கோமதி